நாலு மணிக்குத் தேங்காய் துருவும் சத்தம்

அன்பு மகள் காமினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவும் முட்டிவலி ஒன்றைத் தவிர நன்றாகவே இருக்கிறாள். அங்கே டப்ளின் குளிரிலும் மழையிலும் உனக்கும் மாப்பிள்ளை யுகேந்திரனுக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எனக்குக் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், அதில் நாலு நிமிடம் அம்மாவின் முட்டிக்குப் போகிறது, மூன்று நிமிடம் உங்கள் ஊர் மழைக்குப் போகிறது, மிச்சத்தில் "சாப்டீங்களாப்பா, சரிப்பா வைக்கிறேன்". தாளில் எழுதினால் நடுவில் வைக்க முடியாது.

நம் புளோக்கில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போய் ஒன்பது மாடியும் ஏறி இறங்குகிறோம். சுங்கை பாக்காப் தோட்டத்துக் கோயிலிலிருந்து ஆள் வந்து, முனியாண்டி சாமிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு வெள்ளைக் குதிரைப் படம் எழுதித் தரச் சொன்னார்கள். எட்டடிப் பலகை, ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறேன், அம்மா பக்கவாட்டில்தான் நடக்கிறாள். அதே கோயிலில் இருக்கும் முனியாண்டி சாமியும் நான் எழுதியதுதான், உனக்கு ஞாபகம் இருக்கும், இருக்காமல் எப்படிப் போகும். உனக்கு ஆறு வயது, நான் ஒரே மூச்சில் புருவத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது நீ சில்வர் டம்ளரைக் கீழே போட்டாய், கோடு மேலே ஏறிவிட்டது. நான் கத்தியது உண்மை. அது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஆறு நாள் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றவன் நான், படகு ஏறி வீடு வந்த பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். யாரிடமும் கற்காமல், எந்த வகுப்புக்கும் போகாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளை வைத்துக்கொண்டு பிரஷ் பிடித்தவன் வீட்டில் அமைதி கேட்டால் அது குற்றமா? அம்மா இடிகல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஸஹ்ராவின் அடுப்படிக்குப் போய்ச் சம்பல் இடித்துவிட்டு வருவாள். நீ நுனிக்காலில் நடப்பாய். அந்த டம்ளருக்குப் பிறகு யாரும் சொல்லாமலே நடந்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ரம்புத்தான் பழம் நிறைய வந்ததென்று ஒரு பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கெலுகோரில் உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். மணி நாலு இருக்கும், உங்களுக்குக் காலை ஒன்பது. கேட்டைத் தள்ளி உள்ளே போய் வாய் திறப்பதற்குள் சம்பந்தி அம்மா புஷ்பவள்ளி ஓடி வந்து உதட்டில் விரலை வைத்து, "மெதுவா சம்பந்தி, புள்ள வேல செய்யுது லா" என்றார். எந்தப் பிள்ளை என்று பார்த்தால் அடுப்படியில் மைலோ டின்னில் சாய்ந்தபடி போன் நிற்கிறது, படம் இல்லை, சத்தம் மட்டும், அதற்குள் நீ. கேட் சத்தம் கேட்டு நீ, "யாரு அத்தே?" என்றாய். அவர் சொல்ல வாய் எடுத்தார், நான் கையை ஆட்டித் தடுத்தேன். என்னையே பார்த்தபடி அவர், "கேஸ் கொண்டு வந்திருக்காரும்மா" என்றார். நீயும் "ஓ, சரி அத்தே" என்று விட்டுவிட்டாய். அன்றைக்கு வந்த கேஸ்காரர் நான்தான் காமினி. ஏன் தடுத்தீர்கள் என்று நீ கேட்டால், என் மகளின் வேலை நேரத்துக்குள் நுழைய இன்னொருவர் வீட்டுப் போனை நான் இரவல் வாங்க மாட்டேன்.

நாற்பது நிமிடம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் பென்சில் ஓடுவது கேட்டது, ரப்பர் தேய்ப்பது கேட்டது, நாற்காலி முனகியது. இங்கே சம்பந்தி அம்மா தேங்காய் துருவினார், வெங்காயம் நறுக்கினார், ஜன்னலில் வந்த பூனையை "ஒனக்கு வேற வூடே கெடைக்கலயா, போ லா" என்று திட்டினார், நீ அங்கே சிரித்தாய். என்னோடு பேசும் பத்து நிமிடத்தில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவர் என் காதருகில் வந்து பெருமையாக, "தெனமும் இப்படித்தான் சம்பந்தி, ஒரு வார்த்த பேசிக்க மாட்டோம். நான் பாட்டுக்குச் சமைப்பேன், அது பாட்டுக்கு வரையும். ஆள் சத்தம் இல்லன்னா அதுக்குக் கை ஓடாதாம்" என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. எங்கள் வீட்டில் கொண்டை ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில் வரையக் கற்றவள் நீ. உனக்குச் சத்தம் வேண்டுமென்றால் அதைக் கெலுகோரிலா போய்த் தேடுவது? அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன், வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். ரம்புத்தானையும் முழுசாகக் கொடுத்துவிட்டேன், அதுவும் இப்போது வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் போனும் சரியில்லை, உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம் விடாமல் வருகிறது என்றேன். அம்மா கையிலிருந்த கீரையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது வண்டு இல்ல, ஒங்க மக. வரையறப்ப அது மூக்கால முனகும். எங்க கத்துக்கிச்சின்னு நெனக்கிறீங்க? இந்த வூட்ல எங்க வாயெல்லாம் மூடி வச்சிட்டு நீங்க ஒருத்தர்தான் முனகிக்கிட்டு இருந்தீங்க. அது ஒங்க மேசைக்கு அடியில படுத்து அதக் கேட்டுக்கிட்டேதான் வரையும்" என்றாள். நான் முனகுவதே இல்லை என்று சொன்னேன். மறுநாள் குதிரைக்குக் கழுத்து எழுதும்போது போனில் பதிவை ஓட விட்டுப் பிறகு போட்டுக் கேட்டேன். ஒரு ஆள் அதில் முனகுகிறான், பிரஷ்ஷை டின் விளிம்பில் மூன்று தட்டு தட்டுகிறான், "வா, வா, நேரா வா" என்று கோட்டை அழைக்கிறான், அது வந்ததும் "ம்ம்" என்கிறான். அது பாட்டு இல்லை, மூச்சு விடும் சத்தம். அம்மாவிடம் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

ஆனால் ஒரு விஷயத்தை நீயே யோசித்துப் பார். தேங்காய் துருவும் சத்தம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். குழம்பு கொதித்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். என் சத்தம் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும், நடுவில் பூனையும் வராது. நாற்பது வருடமாக நான் விடிகாலை வெளிச்சத்தில் தவிர பிரஷ்ஷைத் தொட்டதில்லை, உனக்கே தெரியும். போன வாரத்திலிருந்து மாலை நாலு மணிக்குத்தான் வேலை தொடங்குகிறேன். அந்நேரம் நம் ஹாலில் வெளிச்சம் போதாது, அதனால் பலகைக்கு நேர் மேலே ஒரு விளக்கு மாட்டியிருக்கிறேன். வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது, பழகிக்கொள்வேன். போன் பிரஷ் டின்னுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீ கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டால் பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம். உன் பக்கம் எது விழுந்தாலும் விழட்டும்.

குனிந்தே உட்காராதே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத சுகத்தோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் மணியை மாற்றுவார்களாமே, அப்போது இங்கே ஐந்தாகிவிடும், மறக்காதே. குதிரையில் இன்னும் வால்தான் பாக்கி, ஒரு நாள் வேலை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்று தபால் கவுண்டரில் சொன்னார்கள். கோயிலிலிருந்து தினமும் கேட்கிறார்கள், வால் கொஞ்சம் கஷ்டமான வேலை, நாளாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லமுத்து