தறி நிற்கும் நாள்

28-3-1968, வியாழன், அமாவாசை

பெற்றோர் வரக்கூடாது என்றுதான் எங்கள் தலைமையாசிரியர் கூட்டம் வைக்கிறார். அமாவாசையன்று வையுங்கள், அன்றுதான் தறிக்கு விடுமுறை என்று முன்பே சொன்னேன். "விடுமுறை தறிக்குத்தான் தம்பி, நமக்கில்ல" என்று சிரித்தார். போன வாரம் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வைத்தார். நான்கு பேர் வந்தார்கள். காய்ச்சலில் பரீட்சை எழுதாத பிள்ளைகளுக்குத் திங்களன்று மறுபரீட்சை என்று அந்த நான்கு பேரிடம் சொன்னதோடு சரி.

இன்று வசந்தாவின் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வசந்தா ஐந்தாம் வகுப்பு, இன்னும் காய்ச்சல் விடவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு நோட்டீசு குடுத்துச்சு சார். கூட்டம்னா தறி இல்லாத நாள்லதான வெப்பாங்கன்னு நெனச்சிக்கினு வந்தேன்."

மறுபரீட்சையும் முடிந்துவிட்டது என்றேன்.

"பெயிலுன்னா அவங்கப்பா தறியில ஒக்கார வெச்சிடுவாரு சார். ஒரு தபா அதுக்கு மட்டும் வெச்சிடுங்க."

அவள் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தலைமையாசிரியர் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வித்தாள் மட்டும் கொடுங்கள் சார், வசந்தா வீட்டிலேயே உட்கார்ந்து நான் எழுதவைக்கிறேன் என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.