ஏழாம் கம்பம் வேலை செய்கிறது

செவ்வாய்க் கிரகம். வடக்குச் சாலை. முதல் நாள், காலை.
சார்ஜ் 97 சதவீதம். தூசி குறைவு. காற்று லேசு.

வழக்கமான பதிவு. பெயர் சித்தி பரீதா. பனி ஆய்வாளர். செந்தரை நகரிலிருந்து வடக்குப் பனி முகாமுக்குத் தனியாகப் போகிறேன். அங்கே துளையிடும் இயந்திரம் நின்றுவிட்டது. வழியில் ஏழு சார்ஜ் கம்பங்கள். ஏழாவதில் நிரப்பிக்கொண்டால் முகாம் வரை கவலையில்லை. நிற்கும் இடத்திலெல்லாம் பதிவு எழுத வேண்டும் என்பது விதி. வண்டி எங்காவது நின்றுபோனால் கண்டெடுப்பவருக்கு உதவுமாம்.

கிளம்பும் நேரம் பார்த்து வண்டி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. கவச உடையோடு உட்கார்ந்து காத்திருந்தேன். முடிந்ததும் பார்த்தால் என் இருக்கையில் சூடு வரவில்லை. ஆளில்லாத பக்கத்து இருக்கை தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது.

வழித்துணையில் புலம்பினேன். இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசை அது. எந்தக் கம்பத்தில் பிளக் உறைந்து கிடக்கிறது, எது பாதியில் நின்றுவிடும், எல்லாம் அங்கேதான் தெரியும். அதை நடத்துபவர் நகரத்தின் சரக்கு லாரி ஓட்டும் தேவசகாயம் அண்ணன். நாகர்கோவில்காரர்.

"அப்போ பக்கத்து சீட்டுல இருந்து ஓட்டு பிள்ளே. ஸ்டியரிங்கு எட்டலன்னா என்ன, ரோடுதான் நேராத்தானே கிடக்கு" என்றார். நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் கம்பம். பிற்பகல்.
வந்தபோது 31. இப்போது 88.

பிளக் இறங்கவில்லை. பனிப்படலம். தண்ணீர்க் குடுவையால் தட்டித் தட்டி இறக்கினேன். கம்பத்தின் திரை என்னை யாரென்று மூன்று தடவை கேட்டது. இந்தக் கிரகத்தில் இந்தக் கம்பத்துக்கு வேறு யார் வந்து நிற்கப்போகிறார்கள்?

எனக்குப் பின்னால், புதிதாக வண்டி ஓட்ட வந்த ஒரு பெண் வருகிறாள். செண்பகவல்லி, கோவில்பட்டி. இந்தச் சாலையில் முதல் பயணம். வண்டி காட்டும் தூரத்தை நம்பலாமா என்று வழித்துணையில் கேட்டாள். சிரிப்புச் சத்தம் அடங்க நேரமானது. பாதியை நம்பு என்று அண்ணன் சொன்னார்.

தெற்கே தூசிப்புயல் கிளம்பியிருப்பதாக அறிவிப்பு. நகரத்தை மூடிவிட்டு இந்தப் பக்கம் திரும்பலாம்.

ஆறாம் கம்பம். இரண்டாம் நாள், காலை.
சார்ஜ் 48. எதிர்க்காற்று. நிற்கவில்லை.

ஆறில் பச்சை விளக்கு எரிந்தது. வண்டியைத் திருப்பப் போனேன். அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார்.

"பரீதா, ஆறுல நிக்காதே. பச்சை எரியும், நம்பாதே. பிளக்கைச் சொருகினா உன் பேட்டரியில இருந்தே அது உறிஞ்சிரும். ஏழு நல்லா வேலை செய்யுது. நேரா அங்க போ."

"நாப்பத்தெட்டு இருக்கு அண்ணே. காத்து எதிர்ல. போதுமா?"

"போதும் பிள்ளே. நான் சொல்லுதேன்லா."

என் கண் பச்சையைப் பார்த்தது. காது அவர் சொன்னதைக் கேட்டது. காதை நம்பினேன்.

ஆறு வருடமாக அவரைத்தான் நம்புகிறேன். இந்த மணலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். காயல்பட்டினத்தில் உம்மா மௌத்தான செய்தி வந்த அன்று நான் முகாமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நகர வாசல் வரை அவர் லைனை விட்டுப் போகவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அங்கே பள்ளம், இங்கே கல், மெதுவா வா என்று.

ஏழாம் கம்பம். பிற்பகல்.
சார்ஜ் 9.

விளக்கு எரியவில்லை. திரையும் இருட்டு. ஒருவேளை தூசி மூடியிருக்கும் என்று இறங்கித் துடைத்தேன். பிளக்கைச் சொருகினேன். எடுத்துத் திரும்பச் சொருகினேன்.

பின்னால் போய் மின்கலப் பெட்டியைத் திறந்தேன். காலி. ஒரு செல் கூட இல்லை. உடைத்து எடுக்கவில்லை, திருகாணிகளை முறையாகக் கழற்றி, கம்பி முனைகளில் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். பெட்டிக் கதவின் உட்புறம் வழித்துணையின் ஒட்டுத்தாள். நிலவரம் சரிபார்த்தவர் தே.ச. என்று எழுதியிருந்தது. தேதி போன வாரம்.

கம்பத்தின் அலைபரப்பியும் செத்துவிட்டது. மலைமேல் இருக்கும் கருவி வழியாக மற்றவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேச வேண்டுமென்றால் வண்டியின் சொந்தக் கருவிதான். பேசப் பேசச் சார்ஜ் கரையும்.

ஆறுக்குத் திரும்ப 9 போதாது. பாதி வழிகூட வராது.

அதே இடம். சற்று நேரத்துக்குப் பின்.
சார்ஜ் 7. வெளியே கழித்தல் 70 டிகிரி.

அண்ணனைத் தனி லைனில் பிடித்தேன். பேச்சை அப்படியே எழுதிவைக்கிறேன். யாராவது கேட்டால் நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"ஏழு காலியா இருக்கு அண்ணே."



"தெரியும்."

"செல்லை நீங்களா எடுத்தீங்க?"

"நகர மன்றம் எடுக்கச் சொல்லிச்சு. புயல் நகரத்தை மூடினா சூரியத் தகடு வேலை செய்யாது. காத்து இயந்திரம் ஓடணும். நானூறு பேரு மூச்சு விடணும் பரீதா. புயல் வரும்னு முன்னாடியே கணிச்சு, ஏழாம் கம்பத்துல போன வாரமே எடுத்தாச்சு. இப்போ ஆறுல நிக்கேன், இதையும் எடுக்கணும். நிறைஞ்ச செல்லா வேணும்னு சொன்னாவ. நீ சார்ஜ் போட்டிருந்தா குறைஞ்சிருக்கும்."

"அதுக்கா நிக்காதேன்னு சொன்னீங்க?"

"அதுக்குந்தான் பிள்ளே."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நகரத்துல இருந்து கிளம்பியே இருக்க மாட்டேனே. யாரோட காத்தையும் கேட்டிருக்க மாட்டேனே."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஒருத்தருக்குத் தெரிஞ்சா எல்லா வண்டியும் ஆறுல வந்து நிக்கும். உனக்கு எழுபது காட்டும், முகாம் வரைக்கும் போயிருவேன்னு நினைச்சேன்."

"நாப்பத்தெட்டுன்னு உங்ககிட்டதானே சொன்னேன்."

திரையில் 9 என்பது 8 ஆனது. நானே தொடர்ந்தேன்.

"உங்க லாரி நிறைய செல் இருக்கு அண்ணே. இங்க வந்து ஒண்ணு குடுங்க."

"வந்துட்டுப் போனா ஒரு நாள் தாமதம். புயல் முந்திக்கும். மன்றத்துல கேட்டுப் பார்க்கேன். லைன்லயே இரு பிள்ளே."

லைன் அறுந்தது. அவர்தான் அறுத்தார்.

நகரத்தை நேரடியாகக் கூப்பிட்டேன். புயல் அடங்கும்வரை வண்டி அனுப்ப இயலாது என்று யாரோ ஒரு பெண் படித்தாள். என் பெயரைத் தப்பாகச் சொன்னாள்.

அதே இடம். வெளிச்சம் மங்கல், பகல்தான்.
சார்ஜ் 5.

சூடாக்கியை அணைத்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்திருக்கிறேன். அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஸ்டியரிங் எட்டவில்லைதான்.

கேட்பதற்குச் சார்ஜ் அதிகம் வேண்டாம். அதனால் வழித்துணையைத் திறந்தே வைத்திருந்தேன். யாரோ என்னைப் பற்றிக் கேட்டார்கள். அண்ணன் சொன்னது:

"பரீதா லைன்ல இல்ல. அவசரப்பட்டுக் கிளம்பிட்டா, சார்ஜைச் சரியாப் பார்க்கல. நல்ல பிள்ளை. என்ன செய்ய, இந்த ரோடு அப்படி."

அவர் குரல் தழுதழுத்தது. அது பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு, என்மேல் பழியையும் போடுகிறார்.

நான் சார்ஜைப் பார்த்தேன். சத்தம் போட்டுச் சொல்லவும் செய்தேன்.

பிறகு செண்பகவல்லி குரல். அவள் ஆறைத் தாண்டிவிட்டாள். லாரி வந்து சேர்வதற்கு முன்பே தாண்டியிருக்கிறாள். அவளையும் நிற்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, தூசி கூடிக்கிட்டே வருது. எனக்குப் பயமா இருக்கு."

"திரும்பிரும்மா. அஞ்சாம் கம்பத்துக்குப் போயிரு."

"அஞ்சு வரைக்கும் பத்தாதுண்ணே. ஏழுதான் கிட்டக்க. ஏழு வேலை செய்யுதுல்ல?"

ஆறுக்குத் திரும்பி வா, இங்கே லாரியிலேயே சார்ஜ் இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் ஆறைப் பற்றிச் சொன்ன பொய் வெளியே வரும். ஏழைப் பற்றிய பொய்யும் வரும். அதன் பின்னால் நானும் வருவேன்.

"வேலை செய்யுது" என்றார்.

அதே இடம்.
சார்ஜ் 2. திரை மங்குகிறது.

மீதியைச் சூட்டுக்கு வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். பேசிவிட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"செண்பகவல்லி, நான் பரீதா. ஏழாம் கம்பத்துல இருக்கேன். இது காலி. வராதே. ஆறுக்குத் திரும்பு. அங்க அண்ணன் லாரியோட நிக்கிறாரு. லாரி நிறையச் செல் இருக்கு. நேரா அவர் முன்னால போய் நில்லு."

"யக்கா? நீங்க போய்ட்டதாச் சொன்னாகளே!"

அண்ணன் குறுக்கே வந்தார்.

"அது பழைய பதிவும்மா. புயல்ல மலைமேல இருக்க கருவி இப்படித்தான் திரும்பத் திரும்பப் பேசும். நீ ரோட்டைப் பாத்து வா."

கையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் குரலைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பிறகு அவள்:

"பழைய பதிவுல என் பேரு எப்படிண்ணே வரும்?"

அண்ணன் மைக்கை அணைத்தார்.

"நான் நேத்துத்தானே இந்த ரோட்டுக்கே வந்தேன். சொல்லுங்கண்ணே."

வண்டியைத் திருப்புகிறேன் என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போக வரட்டுமா என்றும் கேட்டாள். வந்தால் இரண்டு பேருமே இங்கேதான் என்று சொன்னேன். அழுதாள். திருப்பிவிட்டாள்.

எப்போது என்று தெரியவில்லை.
சார்ஜ் 1. எழுத மட்டும்.

ஆறில் போய்ச் சேர்ந்துவிட்டாள். லாரிக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தியிருக்கிறாளாம். எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறாள்.

"லாரியை ஏழுக்கு எடுங்கண்ணே. நான் வழி விட மாட்டேன். ஏத்திட்டுப் போறதுன்னாப் போங்க."

மற்றவர்களும் லைனுக்கு வந்துவிட்டார்கள். பழைய ஆட்கள், முகாம் ஆட்கள், நகரத்திலிருந்துகூட யாரோ. ஒவ்வொருவராக ஒரே கேள்வி. ஏழு வேலை செய்யுதா அண்ணே? சொல்லுங்க அண்ணே. ஏழு வேலை செய்யுதா?

விரல் மடங்கவில்லை. மெதுவாகத் தட்டுகிறேன். இருக்கையும் ஆறிவிட்டது.

அண்ணன் மைக்கைத் திறந்தார். அப்புறம் கேட்டார்:

"பரீதா இன்னும் லைன்ல இருக்காளா? இருந்தா வாறேன். இல்லன்னா போய் என்ன பிரயோசனம். அவளைப் பேசச் சொல்லுங்க."

"யக்கா, பேசுங்க! யக்கா!"

பேசுவதற்கான பொத்தானை அழுத்தினேன். சிவப்பு. திரும்ப அழுத்தினேன். சார்ஜ் போதாது என்று திரை சொல்கிறது.

எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அண்ணன் காத்திருக்கிறார். கேட்கிறது.

இருக்கிறேன்

இருக்கிறேன் அண்ணே இங்கதான் இருக்