இரண்டு நொடிக் கோட்டை

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி

பேரரசர்களுக்கெல்லாம் கோட்டை கட்டிக்கொடுக்கும் என் வீட்டுக்காரருக்கு, அடுக்களைக்குக் கதவில்லாத வீட்டிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். ஈரமாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

விடியற்காலையிலிருந்து புயல். குளியலறை மேலிருந்த தகரம் ஏழு மணிக்கே எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது. அடுத்தது உங்கள் கதவு. ஆயிரம் வீரர்கள் மரத்தூணால் இடித்தும் திறக்காத கோட்டைக் கதவு என்று பெருமையடித்து, போன படம் முடிந்ததும் லாரியில் ஏற்றிவந்து அடுக்களைப் பின்வாசலில் மாட்டினீர்களே, அதுதான். எட்டரை மணிக்கு ஒரே காற்றில் பறந்துபோய்ப் பின்வீட்டு டயர் கடைக்காரர் மாடியில் விழுந்தது. அவர் மழையோடு மழையாக அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். துருப்பிடித்த ஆணியெல்லாம் அப்படியே நிஜம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வேறு போனார். எனக்கு மானம் போயிற்று. இப்போது அங்கே தார்ப்பாய் கட்டி, சாப்பாட்டு மேசையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். அது பறக்கவில்லை. அதை நீங்கள் செய்யவில்லை, கடையில் வாங்கினோம்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அடுத்து வரும் மூன்று சரித்திரப் படங்களுக்கும் கம்பெனி உங்களை மேற்பார்வையாளராகப் போடுகிறது, மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று நடந்ததைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

உங்கள் தம்பிக்குப் புயலால் ஜெராக்ஸ் கடை லீவு. காலையிலிருந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வரப்போகும் சரித்திரப் படங்களின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஐந்து படமாம். எந்தப் படம் எந்த மாதம், யார் ராஜா, யார் துரோகி, எதில் எத்தனை யானை, எல்லாம் விரல் நுனியில். வீட்டில் வாளி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. உங்கள் அப்பா முப்பது வருஷம் பஸ்ஸில் எல்லாரையும் உள்ளே போ, உள்ளே போ என்று விரட்டிய மனுஷன், இன்று கூரை ஒழுகுகிறது, கொஞ்சம் நகருங்கள் என்றால் நகரவில்லை. ஐந்தாவது படம் வரும்வரை உயிரோடு இருந்தால் போதுமாம். அது இரண்டு பாகமாக வருகிறது என்று தம்பி சொன்னதும் கவலையில் ஆழ்ந்துவிட்டார்.

உங்கள் படத்தின் டீசர் இன்று பத்து மணிக்கு வந்தது. ராஜாவின் மீசை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று உங்கள் எல்லோருடைய போனையும் வாசலிலேயே பிடுங்கி, படம் முடியும்வரை நம்பர் போட்ட பையில் பூட்டிவைத்து, பதினான்கு மாதமாகப் புருஷனோடு பேச எனக்குத் தபால்காரரைக் கதியாக்கினார்களே. அந்த மகா ரகசியத்தை இன்று அவர்களே ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிவிட்டார்கள். பார்த்தேன். சாதாரண மீசை.

மின்சாரம் ஆறு மணிக்கே போய்விட்டது. என் போனும் அணைந்திருந்தது. தம்பி போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. எதிரே கம்பி அறுந்து தொங்குகிறது, மின்சார ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள் என்றேன். இதோ அண்ணி, ஒரு தடவை பார்த்துவிட்டு என்றார். ஒரு தடவை என்பது ஐந்து தடவையாயிற்று. உலகத்தில் வேறு எந்தக் குடும்பமாவது புயலில் மிச்சமிருக்கும் சார்ஜை இப்படிச் செலவழித்திருக்குமா?

படத்தைப் பற்றி என்ன சொல்ல. ராஜா குதிரையில் போகிறார். நின்று திரும்பிப் பார்க்கிறார். மறுபடி போகிறார். வீட்டில் இருக்கிற ராஜா ஒருத்தனையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ராணி மாடத்தில் நின்றபடி அவர் போன வழியையே பார்க்கிறாள், அவளுக்கு வேறு வேலையே கிடையாது. ஏழு மாதம் ராப்பகலாக நீங்கள் எழுப்பிய மதில் இரண்டு நொடி வருகிறது. மூன்றாவது நொடியில் தீ வைத்துவிடுகிறார்கள். உங்கள் தம்பி அந்த இரண்டு நொடியை நிறுத்தி நிறுத்தி, இது அண்ணன் வேலை, இது அண்ணன் வேலை என்று எங்களுக்குக் காட்டினார். நம் மகள் கைதட்டினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கோட்டை உருவான கதை என்று கீழேயே இன்னொரு வீடியோ இருந்தது. அதையும் போட்டார். டைரக்டர் இரண்டு நிமிஷம் தன்னைப் பற்றியே அளந்துவிட்டார். பிறகு வேலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் காட்டினார்கள். மூன்றாவது ஆள் நீங்கள். கொளுத்துகிற வெயிலில் தோளோடு சால்வை போர்த்தியிருந்தீர்கள். தம்பி மதிலைப் பார்த்தார். உங்கள் அப்பா பின்னால் கட்டியிருந்த குதிரையைப் பார்த்தார். நம் மகள்தான் கேட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் இடது கையில ஸ்பூன் வெச்சு சாப்பிடறாரு?"

பெரிய கம்பெனி, அதனால் ஸ்பூன் கொடுக்கிறார்கள் என்று உங்கள் தம்பி விளக்கம் சொன்னார். உங்கள் அப்பா குதிரையை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். போன் அணைந்துவிட்டது.

நான் எலும்பு முறிவு வார்டில் பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஊரில் எவன் கையை ஒடித்துக்கொண்டாலும் நம் வாசலில் வந்து நிற்கிறான். நீங்கள் அதைச் சால்வை போட்டு என்னிடம் மூடப் பார்த்தீர்கள். சுவரைப் பூசி மெழுகுகிற கைக்கு இதையும் பூசி மெழுகிவிடலாம் என்று நினைப்பு. சால்வை நுனியில் கட்டின் ஓரமும் அதற்கு வெளியே நான்கு விரலும் தெரிந்தன. வீங்கி, நிறம் மாறியிருந்தது. கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தூளி கட்டி ஏந்தாமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்த மடையன் போட்ட கட்டு அது?

அந்த வீடியோவில் மதில் பாதிதான் எழும்பியிருந்தது. பாதி முடிந்தது என்று நீங்கள் எழுதியது மூன்று மாதம் முன்னால். உடம்பு அசதி, அறையில் கூட இருக்கும் பெயிண்டர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார் என்று கடிதங்கள் வரத் தொடங்கியதும் அப்போதுதான். அவர் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நான் பாராட்டி வேறு எழுதினேன். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

மேற்பார்வைப் பதவி ஏன் திடீரென்று தேடி வந்தது என்பதும் இப்போது புரிகிறது. உளி பிடிக்க முடியாதவனுக்கு நாற்காலி போடுகிறார்கள். சாரத்திலிருந்துதான் விழுந்திருப்பீர்கள்; அதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அந்தக் காகிதத்தில் ஏதாவது ஒரு மூலையில் எழுதியிருக்கும். மீசையையே பூட்டிவைத்தவர்கள் இதை விடுவார்களா? நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருஷம் அந்தக் கையை மறைத்துக்கொண்டு மற்றவர்கள் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குக் கவலை வரக் கூடாதாம். உங்கள் படத்து ராஜாக்களுக்கும் இதே புத்திதான்.

மகள் சற்று முன்பு மறுபடி வந்து கேட்டாள். உங்கள் தம்பி சொன்ன அதே அசட்டுப் பதிலை நானும் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், வாளியில் நிறைந்த தண்ணீரைக் கொட்டினாள். உங்கள் அப்பாவிடமும் தம்பியிடமும் இன்னும் சொல்லவில்லை. இப்போது காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இருவரும் நடுக்கூடத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு எல்லோருமாகப் போவது பற்றித் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். கோபம்தான். ஆனால் இதை எழுதும்போது பயமாகவும் இருக்கிறது. வார்டில் தினமும் பார்க்கிறேன், கவனிக்காமல் விட்ட கைகளை. அவற்றில் ஒன்றாக உங்கள் கையைப் பார்க்க என்னால் முடியாது.

ஆகவே பதில் இது. கையெழுத்துப் போடாதீர்கள். நாளை தபால் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நின்று இதை அனுப்புகிறேன். கிடைத்ததும் கிளம்புங்கள். பெரிய டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இங்கே யாரும் உங்களை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், என்னைத் தவிர.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இதைப் படித்து முடித்ததும் சால்வையை எடுத்துவிட்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். கட்டை விரலிலிருந்து தொடங்குங்கள். அவசரப்படாதீர்கள், வலித்தால் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மடங்குகிறது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனையானாலும் சரி. ஒன்றுகூட மடங்காவிட்டாலும், அந்தக் கையோடு நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி