பத்துக்கு எத்தனை

மார்ச் 3, திங்கள்
மூக்கில் அடிக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெப்டைடாம். நம் மூளையிலேயே சுரக்கும் சின்னப் புரதத் துண்டு, பயத்தைத் தணிக்குமாம். இன்னும் ஆராய்ச்சிதான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. நல்ல கூத்து!

பஸ் விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாக பஸ் ஏறவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் என் லீவு முடிகிறது; பாடம் நடத்தப் போக பஸ்ஸை விட்டால் எனக்கு வழியில்லை.

மார்ச் 10
விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் புனிதா கேட்டாள்: "பயம் பத்துக்கு எத்தனைக்கா?"

எட்டு. ஆனால் "மூணும்மா" என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. "பஸ்லயா வந்தீங்க?" "ஆமா."

ரயிலில் வந்தேன். ஏன் சொன்னேன்? அன்பாகக் கேட்பவர்களிடம் பரவாயில்லை என்று சொல்லியே பழகிவிட்டது. வீட்டில் இவரிடமும் அதேதான்.

மார்ச் 15
ஆறு மணிநேரம் தூங்கினேன். மருந்தா? தவக்கால உபவாசக் களைப்பா?

மார்ச் 18
திண்டிவனம் கடைத்தெருவில் வறுத்த மல்லாட்டை வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "இந்தா கண்ணு, துன்னு" என்று ஒரு பிடி கடலை கொடுத்தார். அடுத்த நிமிஷம் லாரி மோதியது. நான் பிழைத்தேன், அவர் இல்லை. பேர்கூடக் கேட்கவில்லை. பேர் தெரியாமல், அவர் ஆன்மாவுக்காக சர்ச்சில் வைக்கும் பூசைக்கு என்னவென்று எழுதிக் கொடுப்பது?

மார்ச் 24
"உங்க நம்பரு நல்லா எறங்கிக்கினு வருது" என்றார் டாக்டர். இந்த நம்பர்களை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்களாம்.

ஐயோ. என்னை மாதிரி பயந்து சாகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் இந்த மருந்தை அடித்துக்கொள்வார்கள் — என் பொய்யை நம்பியா? ஒண்ணும் புரியல. அந்த ஆறு மணிநேரத் தூக்கமாவது நிஜந்தானா?

மார்ச் 31
மூன்று என்றது பொய், பஸ்ஸில் வந்ததும் பொய் என்று சொல்லிவிட்டேன். புனிதா திட்டவில்லை. மூன்றின் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் எட்டு எழுதி, தேதி போட்டு என் கையெழுத்தையும் வாங்கினாள். அழிக்கக் கூடாதாம், தப்பும் தெரிய வேண்டுமாம்.

"இன்னிக்கு எத்தனைக்கா?"

"ஏழோ எட்டோ... தெரியலம்மா."

அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வெளியே திண்டிவனம் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். எது ஏற வைத்தது, மருந்தா, உப்புத் தண்ணீரா — தெரியாது. விபத்து நடந்த விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே வேர்த்துக் கொட்டி இறங்கிவிட்டேன்.

இவர் போன் செய்தார். "எப்படி இருக்கே?"

"பயமா இருக்குங்க. விக்கிரவாண்டிக்கு முன்னாலயே பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன், வண்டி எடுத்துக்கினு ஜல்தி வாங்க."

"அங்கேயே இரு, வர்றேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.