கார்பன் மட்டையைத் தொடாதே

அக்கா,

சாயங்கால டேபிள் டென்னிஸ் மேட்சுக்குப் பழைய மர மட்டையையே எடுத்துப் போ. கார்பன் மட்டையில் இருந்த ரப்பரைப் பிரித்து மர மட்டையில் ஒட்டிவிட்டேன். மதியம் வரை காயட்டும்.

கார்பன் வைத்த மட்டை வாங்கச் சொன்ன மேதை நான்தான். கெட்டியான பலகை, எதிராளியின் அடிக்கு அசையாது என்று அளந்தேன். பலகை அசையவில்லைதான்; பந்துதான் மேசையைத் தாண்டிப் பறந்தது. நீ மெதுவாகத் தடுத்து பிளாக் செய்கிறவள். வேகத்தை வாங்கிக்கொள்ள மரம்தான் சரி. சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள முடியாமல் நைட் ஷிப்டை விட்டவனிடம் போய் யோசனை கேட்டாயே!

"உன் வேலையத்தான் விட்ட, என் மேட்சையும் விட வைக்கிறியாடா?" என்று நேற்று கேட்டாய். அதற்குத்தான் கதவை அறைந்து சாத்தினேன்.

சோறு குக்கரில். சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: பகல் வேலை ஒன்றுக்கு நேர்காணல். முடிந்ததும் மேட்சுக்கு வருவேன், கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன்.

இன்னொன்று: ஜெயித்தால் பெருமை உனக்கு. தோற்றால் ரப்பர் ஒட்டியவன் தலையில் போடு. எனக்குப் பழக்கம்தான்.