இருவர் பெஞ்சு

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பட்டறையில், அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்காக, மடித்துப் பையில் போடுகிற பெஞ்சு ஒன்று செய்தேன். கனம் குறையட்டும் என்று கால்களை நடுவில் மட்டும் வைத்துவிட்டேன். முதலாளி ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரம் எழும்ப, மனுஷன் தரையில்! வேலை போச்சு என்றே நினைத்தேன். அவரோ விழுந்த இடத்திலேயே சிரித்து, "காலை ஓரத்துக்குத் தள்ளுப்பா, நல்லா விக்கும்" என்றார். அப்படியே காலைத் தள்ளி வேறொன்று செய்தேன். அது கடைக்கும் போய்விட்டது.

அவரைத் தள்ளிவிட்ட பழைய பெஞ்சு என் அறையில் இருக்கிறது. ஒரு முனையில் நான், மறுமுனையில் அரிசி மூட்டை. நீ இங்கே வந்து என்னோடு தங்க முதலாளியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். உன் எடையை மட்டும் குறைத்துச் சொல்லாமல் எழுது, பெஞ்சு சாயக்கூடாது. இந்த மூட்டைக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

இப்படிக்கு,
பாதி பெஞ்சுக்காரன்