முதல் பிடிச் சோறு

வரும் புதன்கிழமை காலை நீதிமன்றம் என்னைச் சாட்சியாக விசாரிக்கிறது. நேற்றுப் பிற்பகல் உங்கள் மலையில் உள்ள செம்மேட்டுக் கடையிலிருந்து தொலைபேசியில் உங்கள் மனைவி சொன்ன செய்தி இது. சம்மனைப் பக்கத்தில் யாரையோ வாசிக்கச் சொல்லித் தேதியை உறுதிப்படுத்தினார்.

உங்களைப் போல் கடலில் காணாமல் போனவரை இறந்தவர் என்று அறிவிக்க ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவை முடிந்துவிட்டன. அந்த அறிவிப்பு வராமல் மலைமேல் எடப்புளி நாட்டில் உள்ள உங்கள் மிளகுத் தோட்டத்தின் பட்டா உங்கள் மனைவி பெயருக்கு மாறாது. "நீங்க பாத்தத அப்படியே சொன்னாப் போதுமுங்க சார்" என்றார். போன வாரம் அவர் கொடுத்தனுப்பிய மிளகு இந்த மேசையில்தான் இருக்கிறது. பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே மணக்கிறது.

தோணியில் நீங்கள் மடியில் மிளகு முடிந்து வைத்திருப்பீர்கள். எனக்குக் குமட்டும்போதெல்லாம் இரண்டு எடுத்துக் கொடுத்து, "கடிச்சு முழுங்கீராதீங்க, அப்படியே ஒதுக்கி வெச்சுக்குங்க" என்பீர்கள். கொல்லத்தில் ஓடு ஏற்றிக்கொண்டு குமரிமுனை சுற்றித் தூத்துக்குடிக்குப் போன பாய்மரத் தோணி அது. அதிலேயே உண்டு உறங்கி வாழ்கிறவர்களைப் பற்றி எழுத நான் ஏறியிருந்தேன். சவ்வரிசி லோடு இறக்கத் துறைமுகத்துக்கு வந்த நீங்கள் ஊர் திரும்பாமல் அதில் சமையல்காரர் ஆகியிருந்தீர்கள். மீன் தின்னாத சமையல்காரர். உங்கள் மலையில் கோயில் ஆற்று மீனை யாரும் பிடிப்பதில்லை, அதற்குச் சோறு போடுவார்கள். கடலுக்கு வந்த பிறகும் முதல் பிடியைத் தண்ணீரில் போடாமல் நீங்கள் யாருக்கும் பரிமாறியதில்லை.

வைகாசிக் கடைசி. பருவத்தின் கடைசி நடை. காற்று முன்கூட்டியே வந்துவிட்டது. குமரிமுனை தாண்டிய பிறகு ஒன்றரை நாள் அடுப்பு மூட்டவில்லை. அவலைத் தின்று, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிடந்தோம். இடப்புறம் கரை தெரிந்துகொண்டே இருந்தது, பனைமரங்கள்கூடத் தெரிந்தன. இரண்டாம் நாள் நண்பகலில் காற்று சற்றுத் தணிந்தது போலிருந்தது. தண்டல் அடுப்பு மூட்டச் சொன்னார். தோணியின் தலைவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

சோறு வெந்தது. நீங்கள் ஒரு பிடியைத் தட்டில் எடுத்தீர்கள். சுக்கானைப் பிடித்தபடியே தண்டல் கத்தினார்:

"ஏல மலைக்காரா! இன்னைக்கு ஒருநா மீனு பட்டினி கெடக்கட்டும்ல!"

"பட்டினி போட்டா உங்க தூண்டில்ல வந்து மாட்டிக்குமுங்க தண்டலு!"

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் தட்டோடு நின்று என்னைப் பார்த்தீர்கள். தண்டல் சொன்னதைக் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தீர்கள் என்றே இன்றுவரை நினைக்கிறேன். எனக்குப் பசி. "சட்டுனு போட்டுட்டு வாங்க, பசிக்குது" என்றேன்.

"இதோ வாரேனுங்க."

உங்கள் இடுப்புக் கயிறு அடுப்பு வரைக்கும்தான் நீளும். அதை அவிழ்த்துவிட்டுத் தாழ்ந்திருந்த பக்கத்துக்குப் போனீர்கள். காற்று திசை மாறியது. பாய் ஒரே வீச்சில் மறுபக்கம் அறைந்தது. நீங்கள் நின்ற ஓரம் தண்ணீருக்குள் போய் வந்தது. வந்தபோது அங்கே யாரும் இல்லை. தலையை ஒருமுறை பார்த்தேன், பிறகு அலை. அந்தக் காற்றை எதிர்த்துத் தோணியைத் திருப்ப முடியாது. பாயை இறக்கி, மிதந்தபடி, இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் வடித்த சோற்றை யாரும் தொடவில்லை.

கரையில் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி: சமையல்காரர் அலையில் தவறி விழுந்தார். பத்திரிகையில் எழுதியதும் அதுதான். அதில் பிழை ஏதும் இல்லை.

பிறகு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி அழவில்லை. எந்த இடம், எந்த நேரம் என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"சாப்ட்டாருங்களா?"

"சாப்பிட்டார்" என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறார் என்பது ஒவ்வொரு பேச்சிலும் தெரிகிறது. "வயிறு நெறஞ்சு போனாருங்க, அது போதும்" என்று நேற்றும் சொன்னார். யாராவது 'வாரேன்' என்று எழுந்தால் நான் இப்போதும் அவர்கள் வாசல் தாண்டும்வரை கண்ணை எடுப்பதில்லை. பசி என்று வாய்விட்டுச் சொல்வதும் நின்றுவிட்டது.

புதன்கிழமை வழக்கறிஞர் கேட்பார்: அவர் ஏன் கயிற்றை அவிழ்த்தார்? சத்தியம் செய்துவிட்டு நிற்கும் நான் சோற்றுத் தட்டைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மனைவி பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் சாப்பிடவில்லை என்பதையும், உங்களைப் போகச் சொன்னது யார் என்பதையும் அவர் அங்கே, மற்றவர்களோடு சேர்ந்து, முதல்முறையாகக் கேட்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் மலைக்கு வருகிறேன். நானே சொல்கிறேன். கேட்டபின் என்னைச் சாட்சியாக வரச் சொல்வாரா, வீட்டை விட்டு இறங்கச் சொல்வாரா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். நீதிமன்றத்தின் முடிவு மாதக் கடைசியில் வரும் என்கிறார்கள்.